இரண்டாம் பாகத்தில் யார் வருவார்கள்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ‘கில் பில்’ முதல் பாகத்தை (2003) மறுபடி பார்த்தேன். போன தடவை மணப்பெண் பக்கம் நின்றேன். இந்தத் தடவை ஓ-ரென் இஷியிடம் மாட்டிக்கொண்டேன். பெற்றோர் கொல்லப்படும்போது கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த சிறுமி அவள். 11 வயதில் கொலைகாரனைத் தீர்த்துக்கட்டுகிறாள். கணக்கு முடிந்ததுதானே? இல்லை. டோக்கியோ நிழலுலகத்துக்கே தலைவியாகிறாள். தன் பிறப்பை இழிவாகப் பேசியவனின் தலையை மேசையிலேயே சீவுகிறாள். பழி வாங்கிய கை இப்போது தொழிலைக் காக்கிறது. அவளைத் தேடியும் ஒருத்தி வாளோடு வருகிறாள்.

எனக்கு எங்க ஊர்ப் படுகளம் ஞாபகம் வந்தது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா முடியும் நேரத்தில், களிமண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, பாஞ்சாலி சபதம் தீர்ந்து கூந்தல் முடிவாள். பிறகு தீமிதி.

கதை அங்கேயே முடிஞ்சிடுச்சுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். பாரதத்தில் அன்று இரவே இரண்டாம் பாகம் ஆரம்பித்துவிடுகிறது. அஸ்வத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொல்கிறான். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் அப்பா துரோணரை ஒரு பொய்யைச் சொல்லித்தானே வீழ்த்தினார்கள்?

பாகவதத்தில் அவனைக் கட்டி இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்துகிறார்கள். விட்டுவிடச் சொல்கிறாள். நான் அழுவதுபோல் அவன் அம்மாவும் அழ வேண்டாம் என்கிறாள். இதை மன்னிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த பாகத்தில் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் அத்தை மளிகைக்கடை வைத்திருந்தாள். கூட்டாளி ஏமாற்றிக் கடையை எடுத்துக்கொண்டார். அவரைக் கவிழ்க்கப் போதுமான ஒரு துண்டுச்சீட்டு, அவர் கையெழுத்திலேயே, அத்தையின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. “குடு அத்தை, நான் பாத்துக்கறேன்”னு எத்தனையோ தடவை கேட்டேன். “அவன் பொண்ணுக்கு இப்பத்தான்டா வரன் பாக்கறாங்க” என்பாள்.

எனக்கு இன்னும் கோபம்தான். விட்டுக்கொடுப்பதை ஏன் எப்போதும் பெண்களிடமே எதிர்பார்க்கிறோம்? கடையும் போய், நியாயமும் கிடைக்காமல் அத்தை இருந்ததை மேன்மை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பெண்ணையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அறியாத பிள்ளை.

அத்தை போன பிறகு பெட்டி என்னிடம் வந்தது. சீட்டு உள்ளேயே இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.