போதும் என்பதை யார் சொல்வது?

வேலைக்கெனப் புதிய கணினி வாங்குவோர் அதன் செயலியைத் தெரிவுசெய்வதை வெறுங் கடைக் காரியமாகவே கருதுவர். விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு முடிக்கத்தக்க ஒன்றில் அறவியலுக்கு என்ன இடம் என்று வினவப்படலாம். எனினும் பதுளைக் கடையொன்றில் ஐ3, ஐ5, ஐ7, ரைசன் என அடுக்கப்பட்ட பெட்டிகளின் முன், பட்டம் பெற்று வேலை தொடங்கும் தோட்டத் தொழிலாளியின் மகளொருத்தி நிற்பாளாயின், அவ்வினா எளிதில் அகல்வதில்லை. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்ட நாட்கூலி 1350 ரூபாயாக உயர்ந்தது. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் 40,500 ரூபாய் வேறுபாடு என்று கொண்டால், அக்கூலிக் கணக்கில் அது தாயின் 30 முழுப்பேர். அரைப்பேர் விழுந்த நாட்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

வலியறிதலைக் கூறப் புகுந்த வள்ளுவர் வினையின் வலியையே முதலில் வைத்தார். அலுவலக வினையின் வலி யாது? கடிதம் எழுதும்போதும் பேரேடு நிரப்பும்போதும் செயலி பெரும்பாலும் காத்தே இருக்கின்றது. விரல் அடுத்த எழுத்தைத் தட்டும்வரை, சேமிப்பகம் தரவைத் தரும்வரை காத்திருக்கின்றது. ஒரு வேலையில் ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழவேண்டிய பகுதியை, கருக்களின் தொகையைப் பெருக்கிக் குறைக்க இயலாதென அம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தட்டுகளிற் கொழுந்து வாடி முடியாதிருக்க, உருட்டும் இயந்திரங்களை இரட்டிப்பதால் தூள் விரைந்து வந்துவிடாது. ஆகவே போதிய நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் உடைய நடுத்தரச் செயலி, மெதுவான வன்தட்டோடு பிணைக்கப்பட்ட உயர்தரச் செயலியைவிட இத்தகைய வேலைக்குப் பெரும்பாலும் நன்கு உதவும். மேலதிக வேகத்துக்குக் கொடுக்கும் பணம் பெரிதும் பெருமைக்குக் கொடுக்கும் பணமே.

இவ்வளவில் நிறுத்தினால் 'போதும்' என்பதே அறமாகிவிடும். ஆனால் மலையகத்தில் அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கும்வரை, அவற்றுட் பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளோடு நின்றன. கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு அதுவே போதுமெனக் கருதப்பட்டது. அங்கே தேவையை அளந்தவர் ஒருவர். அவ்வளவுக்குள் வாழ்ந்தவர் மற்றொருவர். தானே உணர்ந்து கூறும் போதும் என்பது நிறைவு; பிறர் கூறும் போதும் என்பது வேலி. சிக்கனத்தைப் போற்றும் நூல்கள் இவ்வேறுபாட்டிற் போதிய கவனஞ் செலுத்துவதில்லை.

இன்றும் அளப்பவர் வேறாகவே இருக்கின்றனர். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 மிகச் சில விலக்குகள் நீங்கலாக, எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. பேரேடு மாறவில்லை, கூட்டலும் கழித்தலும் மாறவில்லை, தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் முடிவால், நேற்றுப் போதியது இன்று போதாததாயிற்று. எனவே மலிவெனக் கருதிப் பழைய ஐ7 இயந்திரத்தை வாங்குபவள் சில ஆண்டுகளில் இருமுறை விலை கொடுக்க நேரலாம். இந்நோக்கிற் புதிய தலைமுறை ஐ3 ஒன்று அதனினும் மேலானது. உயர்ந்த தரம் வேறு, நீண்ட ஆயுள் வேறு. வறியவர்க்கு இரண்டாவதே பெரிது. விலைச்சீட்டில் முதலாவதே பெரிய எழுத்தில் இருக்கும்.

தோட்ட அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போதும் இதே நிலைதான். நாள்தோறும் செக்ரோலைப் பதிபவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அரிது. ஆயிரம்பேரின் சம்பளத்தைக் கூட்டுவதற்கு மிக எளிய செயலியே போதும். கூடையின் நிறையென்றும் ஈரமென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் நியாயமானவையா என்பதை எந்தச் செயலியும் ஆராய்வதில்லை; கொடுத்த எண்ணை விரைவாகக் கழித்துவிடும், அவ்வளவே.

கடைமுன் நிற்பவள் கணக்குப் பதிவை மேற்கொள்வாளாயின் நடுத்தரச் செயலி அமையும். கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களை வரைவதே அவள் தொழிலாயின் அது அமையாது. அந்த 30 பேரையும் கொடுத்தே ஆகவேண்டும். தன் வினை எதுவென அறிந்தவள் அவளே. விற்பவரும், கடன் தருபவரும், இவளுக்கு இது போதுமென அருகிருந்து உரைக்கும் உறவினரும் அதை அவளிடந்தான் கேட்கவேண்டும்.