செங்கல்லின் மீது காத்து நிற்கும் இறைவன்

மும்பை மாநகரின் வடாலாவில் உள்ள விட்டல் ஆலயத்தைப் பக்தர்கள் 'பிரதி பண்டரிபுரம்' என்று போற்றுவர். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் ஏறத்தாழ மூன்று வார காலம் நடந்து பண்டரிபுரம் சென்றடையும் வாரகரி அடியார்களுடன் செல்ல இயலாதோர் பலர், ஆஷாட ஏகாதசியன்று இங்கு வந்து வரிசையில் நிற்கின்றனர். ஒருவருக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. மற்றொருவர் நோயுற்ற தாயைத் தனியே விட்டுச் செல்ல இயலாதவர். 'இறைவனே முதல் என்கிறோம். ஆனால் குடும்பமும் தொழிலும் போக எஞ்சிய நேரத்தைத்தானே அவனுக்கு அளிக்கிறோம்!' என்னும் உறுத்தல் இத்தகையோர் உள்ளத்தில் எழுவது இயல்பு.

அவர்கள் தரிசிக்கும் திருமேனியே இதற்கு விடை கூறுகிறது. இடுப்பில் கைகளை ஊன்றி, செங்கல்லின் மீது நிற்கிறான் விட்டலன். பெற்றோரைப் புறக்கணித்து வாழ்ந்து, பின்னர் மனம் திருந்தியவன் புண்டலீகன். அவன் அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது இறைவனே வாசலில் வந்து நின்றான். புண்டலீகன் எழவில்லை, ஒரு செங்கல்லை எறிந்து, அதன் மீது காத்திருக்குமாறு வேண்டினான். இறைவனும் காத்து நின்றான் என்பது மரபுவழிக் கதை. இன்றும் பண்டரிபுரம் செல்வோர், சந்திரபாகை நதியில் அமைந்துள்ள புண்டலீகன் ஆலயத்தை முதலில் வணங்கிய பின்னரே விட்டலனைத் தரிசிப்பது வழக்கம்.

அப்படியாயின் புண்டலீகன் இறைவனை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டானா? இங்குப் பிரகலாதனை நினைவுகூர்வது தகும். 'நானே கடவுள், என்னையே வணங்கு' என்ற தந்தை இரணியனின் கட்டளையை அவன் ஏற்க மறுத்தான். ஒருவன் பெற்றோருக்காக இறைவனையே காக்க வைத்தான். மற்றொருவன் இறைவனுக்காகத் தந்தையின் சொல்லை மறுத்தான். செயல்கள் எதிரெதிரானவை; எனினும், இருவர் உள்ளத்திலும் முதலிடம் இறைவனுக்கே. தந்தைக்குச் செய்யும் தொண்டு அறத்தின் வழிப்பட்டதாக இருக்கும்போது அதுவே இறைவழிபாடு. அத்தந்தையே இறைவனின் இடத்தைக் கோரும்போது அதற்கு இணங்காமையே வழிபாடு.

ஆகவே, இறைவனுக்கு முதலிடம் என்பது நாளின் முதல் மணி நேரத்தை அவனுக்கு ஒதுக்குவதோடு முடிந்துவிடுவதன்று. மற்றெல்லாப் பற்றுகளும் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அவனே வரையறுக்க விடுவதாகும். நிறுவனத்திற்காக நேர்மையுடன் உழைப்பவர் புண்டலீகன் வழியில் நிற்கிறார். அதே நிறுவனம் பொய்க்கணக்கில் கையொப்பமிடச் சொல்லும் நாளில், அவர் பிரகலாதனாக நிற்க வேண்டியவராகிறார். வேலை பறிபோகலாம், குடும்பம் துன்புறலாம் என்ற அச்சம் அப்போது எழாமல் இராது. அந்த நாளில்தான் முதலிடம் எவருக்கு என்பது வெளிப்படும்.

புண்டலீகனின் செங்கல்லைச் சாக்காகக் கொள்வதும் எளிது. 'கடமை அழைக்கிறது' என்று கூறிப் பிரார்த்தனையைத் தள்ளிவைப்பவர், தம்மை அழைப்பது கடமையா, மேலும் பொருள் சேர்க்கும் ஆசையா, கைப்பேசியின் கவர்ச்சியா என்று தம்மையே வினவுதல் வேண்டும். தன் வசதிக்காகப் புண்டலீகன் இறைவனைக் காக்க வைக்கவில்லை. வாசலில் நிற்பவன் யார் என்பதையும் அவன் மறக்கவில்லை.

வடாலாவில் தரிசனம் முடிந்ததும், தாய்க்கு மருந்து கொடுக்கும் வேளை தவறாமல் வீட்டிற்கு விரைகிறார் ஒருவர். வாசலில் நிற்பவனை மறவாமல் அவர் தாயின் அருகே அமர்வாராயின், பண்டரிபுரம் செல்லாத குறை அவருக்கு இல்லை.