எத்தனாவது பக்கம் வரைக்கும்?

“தம்பி, உண்மையச் சொல்லுங்க. எத்தனாவது பக்கம் வரைக்கும் படிச்சீங்க?”

அக்கா இதைக் கேட்டபோது நாங்கள் ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஒரு புத்தக விழா மேடையில் நான் அவரை நேர்காணல் செய்து முடித்திருந்தேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நல்ல கைத்தட்டல். ஏற்பாட்டாளர் என் தோளில் தட்டி “சூப்பர்” என்றார். அக்கா கெடாவிலிருந்து பேருந்தும் ஃபெரியும் பிடித்து வந்திருந்தார். பத்தாண்டுகள் எழுதிய நாவல், 260 பக்கம்.

“முழுசா...” என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. “தொண்ணூறு, அக்கா.”

அவர் சிரித்தார். கோபமே இல்லை. “பரவால்ல. நெறையப் பேரு பின்னட்டையோட நின்னுடுவாங்க” என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து இன்னொரு தே சொன்னார். காசையும் அவரே கொடுத்தார்.

அந்த எட்டு வெள்ளியை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் கடனைப் பற்றியது.

வாசிக்காத புத்தகத்தைப் பற்றி எழுத்தாளரிடம் கேள்வி கேட்பது தவறா? தவறென்றால் எந்த வகையான தவறு? சோம்பேறித்தனமா, மரியாதைக் குறைவா, பொய்யா?

முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தைத் தொடாமலேயே ஒரு மணி நேரத்தை ஓட்டும் கேள்விகள் எல்லா நெறியாளர்களிடமும் உண்டு. எப்படி எழுத வந்தீர்கள்? உங்களைப் பாதித்த எழுத்தாளர்கள் யார்? இன்றைய இளைஞர்கள் வாசிக்கிறார்களா? சமூகத்துக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? இந்த நான்கும் உலகில் உள்ள எந்த எழுத்தாளருக்கும் பொருந்தும். எழுத்தாளருக்கும் பதில்கள் பாடம். பார்வையாளர்களுக்கு ஒரு மனிதரைப் பார்த்த திருப்தி. வெளியே மேசையில் பத்துப் புத்தகம் விற்கும். இதில் யாருக்கு என்ன நட்டம்?

இன்னொரு நியாயமும் உண்டு. புத்தகக் கண்காட்சி என்பது சந்தைதானே. 1949 முதல் இன்றைய வடிவில் நடக்கும் ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில், மேடைகளுக்கு அப்பால், உரிமை முகவர்கள் வரிசை வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓர் எழுத்தாளரின் பல வருட உழைப்பு அங்கே அரை மணி நேரச் சந்திப்பில் பேசப்படும். 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியின் முக்கிய வேலையும் மொழிபெயர்ப்பு உரிமைகளைக் கைமாற்றுவதுதான். அங்கே உட்காரும் பதிப்பாளர் எல்லாப் புத்தகத்தையும் வாசித்துவிட்டா பேசுகிறார்? சுருக்கத்தைப் பார்க்கிறார், இரண்டு அத்தியாயம் வாங்கிப் போகிறார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிப்பாளர் என்னைவிட நேர்மையானவர். “படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல முடியும். தவறாகக் கணித்தால் அவர் பணம் போகும். மேடையில் உட்கார்ந்த நான் எதையும் பணயம் வைக்கவில்லை. மடியில் புத்தகத்தை வைத்திருந்தேன், அதில் மஞ்சள் நிறத் தாள்கள் ஒட்டியிருந்தேன். எல்லாம் முதல் தொண்ணூறு பக்கத்துக்குள். பார்வையாளர்களுக்கு அது தெரியாது. அந்தத் தாள்கள்தாம் என் பொய்.

அன்று நான் கேட்ட முக்கியமான கேள்வி இது: “உங்கள் நாயகியைத் தோட்டத்துப் பெண்கள் பட்ட துயரத்தின் அடையாளம் என்று சொல்லலாமா?” அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு “சொல்லலாம்” என்றார். தன் அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனதைப் பற்றிப் பேசினார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல கேள்வி கேட்டுவிட்டதாக எனக்குப் பெருமை.

ஒரு மாதம் கழித்து, வெட்கம் தாங்காமல், மீதி நாவலை வாசித்தேன். 171ஆம் பக்கத்தில், ஒரு மழை இரவில், அதே நாயகி தன் தம்பி மனைவியைக் கைக்குழந்தையோடு லயத்து வீட்டிலிருந்து வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறாள். அதன்பின் வரும் தொண்ணூறு பக்கமும் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியவை. அக்கா பத்தாண்டுகள் உட்கார்ந்து எழுதியது துயரப்பட்டவளின் கதையை அல்ல. துயரப்பட்டவள் இன்னொருத்தியை என்ன செய்தாள் என்பதை. நாற்பது பேர் முன்னால் நான் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையை வைத்திருந்தேன். அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார்.

அந்த “சொல்லலாம்” என்ற சொல்லுக்குள் இருந்த பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. யாருக்கும் நட்டமில்லை என்று நான் நினைத்த இடத்தில் ஒரு புத்தகமே காணாமல் போயிருந்தது.

தமிழில் ‘கேள்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காது கொடு என்பது ஒன்று, வினவு என்பது இன்னொன்று. திருக்குறளில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் உண்டு, 42ஆவது. அது வினா எழுப்புவதைப் பற்றியதே அல்ல. கற்றவர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றியது. அதற்கு முந்திய அதிகாரம் கல்லாமை. அதன் முதல் குறளில், நூலறிவு இல்லாமல் அவையில் பேசப் போவதை, கட்டம் வரையாமல் காய் உருட்டுவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். பள்ளியில் குறள் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். மேடையில் உட்காரும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நம் மரபில் மேடை நேர்காணலுக்கு ஒரு முன்னோடி உண்டு: அரங்கேற்றம். புதிதாக ஒரு நூலை இயற்றியவர் அதைச் சபையில் பாட்டுப் பாட்டாக வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தடை எழுப்பலாம். 19ஆம் நூற்றாண்டில்கூட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் நாள்கணக்கில் அரங்கேறின. அந்தச் சபையை நான் புனிதப்படுத்தவில்லை. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதில் அதற்கு அதன் கொடுமைகள் இருந்தன. ஆனால் அங்கே புத்தகத்தைத் தாண்டிக் குதித்து ஆசிரியரிடம் போக வழியில்லை.

அதே மகாவித்துவானைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பலமுறை வந்தார். இலக்கணப் பிழைகள் உள்ள நூல் என்று பிள்ளைக்கு மனமில்லை, தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வெளியே காத்திருந்த பாரதியார் தன்பாட்டுக்கு அந்தக் கீர்த்தனையைப் பாட, உள்ளே இருந்த பிள்ளை அதைக் கேட்டு உருகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். பெரிய படிப்பாளிதான். ஆனாலும் காது கொடுக்கும்வரை அந்த நூல் அவருக்குக் கிடைக்கவில்லை.

இங்கே பினாங்கில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது: மொழி. 2011இல் தொடங்கிய ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருதை வாங்கியது. அதனால் உலக எழுத்தாளர்களை நம் தெருக்களிலேயே சந்திக்க முடிகிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் இந்த நாட்டின் பெரிய மேடைகளில் பொதுவாகப் பேசப்படுவது ஆங்கிலமும் மலாயும். 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாணர் விருது மலாய் மொழியில் எழுதுபவர்களுக்கே. மொழிபெயர்க்கப்படாத ஒரு தமிழ் நாவல் அப்படியொரு மேடைக்கு வந்தால், நெறியாளர் நினைத்தாலும் அதை வாசிக்க முடியாது. அப்போது அவர் கையில் மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: “மலேசிய இந்தியச் சமூகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.” நாவலாசிரியர் அந்த நொடியில் பிரதிநிதி ஆகிவிடுகிறார். நாவல் அவருடைய அடையாள அட்டை.

அந்த நெறியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரால் முடியாததை அவர் செய்யவில்லை. நான் தமிழ் படிக்கத் தெரிந்தவன். என்னால் முடிந்ததை நான் செய்யவில்லை. அப்படியும் நாங்கள் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். இது எனக்கு உறைக்க வேண்டிய இடம்.

“அப்படியானால் மேடையே வேண்டாம், புத்தகம் தானே பேசும்” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பினாங்கோடு பிணைந்த தமிழ் நாவல்களில் முதலில் நினைவுக்கு வருவது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வரும் கடல் பயணம்தான் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 1972இல் வெளிவந்தது. மதுரையில் தனியாளாக, இலக்கியக் கூட்டங்களிலிருந்து விலகி வாழ்ந்தார் அவர். 1997இல் இறந்தார். இன்று அந்த நாவலைக் கொண்டாடும் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் போன பிறகு வந்தவர்கள். புத்தகம் தானே பேசியது, உண்மை. ஆனால் எத்தனை காலம் யாரும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தது! மேடை வேண்டும். புத்தகத்தை வாசித்தவர்கள் உட்காரும் மேடை வேண்டும்.

வாசிக்காமல் பேசுவது எப்போதும் என் கதை மாதிரி ஒரு தேநீரோடு முடிவதில்லை. 2023 அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் பாலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லிக்கு ஒரு பரிசு வழங்கப்பட இருந்தது. அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு அந்த விழாவை ஒத்திவைத்தார்கள். உலகெங்கும் எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். கண்காட்சி நிர்வாகம் இஸ்ரேல் ஆதரவு நிலை எடுத்ததாகச் சொல்லி மலேசியக் கல்வி அமைச்சு அந்தக் கண்காட்சியிலிருந்தே விலகியது. நானும் முகநூலில் எழுதினேன். நண்பர்களோடு விடிய விடியப் பேசினேன். அப்போது அந்த நாவலை நான் வாசித்திருக்கவில்லை. நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள சின்ன நாவல். அன்று என்னோடு பேசிய யாரும் வாசித்ததாக நினைவில்லை.

இங்கே நான் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கு மேடை மறுக்கப்படுவது தவறு என்று சொல்ல அவர் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டியதில்லை. பேசும் உரிமைக்காக நிற்பதற்கு முன்நிபந்தனை கிடையாது. ஆனால் ‘இந்த நாவல் என்ன சொல்கிறதென்றால்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்க வாசித்திருக்கத்தான் வேண்டும், ஆதரவாகச் சொன்னாலும் எதிராகச் சொன்னாலும். முதல் வாக்கியத்தில் நான் சரி. இரண்டாவது வாக்கியத்தையும் அன்று நிறையச் சொல்லிவிட்டேன். அதே கண்காட்சியில் பென் பெர்லின் அமைப்பினர் அந்த நாவலிலிருந்து பகுதிகளைச் சத்தமாக வாசித்தார்கள். ஆசிரியர் இல்லாத மேடையில் புத்தகம் இருந்தது. என் மேடையில் ஆசிரியர் இருந்தார், புத்தகம் இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு “இனிமேல் முழுசா வாசிக்காமல் மேடை ஏற மாட்டேன்” என்று சபதம் செய்யலாம். செய்ய மாட்டேன். ஏற்பாட்டாளர் நான்கு நாளுக்கு முன்னால் அழைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வேலையில் ஓவர்டைம் இருக்கும். வாசிக்க முடியாமல் போவது குற்றமில்லை. அதை மஞ்சள் தாள் ஒட்டி மறைப்பதுதான் குற்றம். “நான் தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கிறேன். அதுவரைக்கும் எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது. மேலே போகலாமா?” என்று ஆரம்பித்திருந்தால் அக்கா எப்படிச் சிரித்திருப்பார்! ஒருவேளை அங்கேயே 171ஆம் பக்கத்தைப் புரட்டி வாசித்தும் காட்டியிருப்பார். தமிழ் தெரியாத நெறியாளரும் இதைச் செய்யலாம். “உங்கள் மொழி எனக்குத் தெரியாது, ஐந்து நிமிடம் வாசியுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். அந்த ஐந்து நிமிடமாவது அந்த அறையில் தமிழ் நாவல் தமிழில் இருந்திருக்கும்.

நாவலை முடித்த மறுநாள் காலையில் அக்காவுக்கு அழைத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேள்வியை நேராகவே கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு ராத்திரி அவ ஏன் கதவத் தொறக்கல?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னணியில் ஒரு சேவல் கூவியது.

“மேடையில இதக் கேட்டிருந்தீங்கன்னா எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது தம்பி.”

“இப்ப?”

“இப்பவும் தெரியாது. ஆனா பேசலாம். நீங்க மொதல்ல பசியாறுங்க, நான் கூப்புடுறேன்.”