யாருடைய சனிக்கிழமை?

மாரி வலுப்பதற்கு முன்னர் இரண்டு நாள் கால்நடையாகச் சென்று வருவதென்று நாம் சிலர் தீர்மானித்திருந்தோம். ஆசிரியர் மூவர், மாணவர் ஐவர். சனிக்கிழமை அதிகாலை மன்னாரிலிருந்து புறப்பட்டுத் தாம்போதியைக் கடந்து, திருக்கேதீச்சரத்தில் சற்று ஆறி, கட்டுக்கரைக் குளத்தருகே இராத்தங்கி, மறுநாள் மடுச் சந்தியை அடைவது திட்டம். வெள்ளிக்கிழமை இரவு பெய்த மழை அதைக் கலைத்துவிட்டது. நம் வீட்டின் பனந் தீராந்தி ஒன்று கறையானுக்கு இரையாகியிருந்தது. அது முறிந்து, ஓடுகளோடு அடுக்களைக்குள் இறங்கிற்று. சட்டிகளை ஏந்தி வைத்து விடியும்வரை ஈரத்தோடு போராடியவர் நம் தாயார். நாமோ, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நடை கெட்டதே என்று நொந்துகொண்டிருந்தோம்.

அந்த நோவை ஆராய்ந்து பார்ப்பது தகும். வீடு விலங்கு, வெளி விடுதலை என்னும் எண்ணம் மிகப் பழையது. துறவியரும் கவிஞரும் அதைப் போற்றியிருக்கின்றனர். அமெரிக்கரான தோரோவின் ‘நடத்தல்’ என்னும் கட்டுரை 1862-இல் வெளிவந்தது. பெற்றோரையும் மனைவி மக்களையும் விட்டுச் செல்லத் துணிந்து, கடன்களைத் தீர்த்து, காரியங்களையெல்லாம் ஒழுங்கு செய்து முடித்தவனே நடப்பதற்கு ஆயத்தமானவன் என்கிறார் அவர். சுதந்திர மனிதனுக்கு அவர் வகுக்கும் இலக்கணம் இது. முறிந்த தீராந்தியின் கீழே நின்றபோது இந்த இலக்கணம் நமக்கும் இனித்தது.

ஆனால் நாம் நடக்க நினைத்த திசையில் முன்னர் நடந்தவர்கள் யாவர்? 19-ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழை மக்கள் இக்கரைகளில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளையை நோக்கி நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே கொன்றன. அவர்களும் பெற்றோரை விட்டு வந்தவர்களே. ஆனால் கடன்களைத் தீர்த்துவிட்டு வந்தவர்கள் அல்லர். வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டத்தை அடையும் முன்னரே தலைமேல் கடனாக ஏறி நின்றது. கடன் தீர்ந்ததென்று ‘துண்டு’ பெறாமல் தோட்டம் மாற முடியாதென்ற நிலை பின்னர் வந்து, 1921-இல்தான் ஒழிந்தது. நடத்தல் என்ற ஒரே செயல் ஒருவனுக்கு விடுதலையாகவும் மற்றொருவனுக்கு அடிமைத்தனமாகவும் இருந்திருக்கிறது. கால்கள் ஒன்றுதான், நாள் யாருடையது என்பதே வேறுபாடு.

இதை நாம் புத்தகத்தால் அறிந்திருந்தோம். கண்ணால் காட்டியவர் சனிக்கிழமை காலை வந்த தச்சர். கிழமை நாள்களில் அவருக்குக் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வேலை. ஓய்வு நாளைக் கெடுத்துவிட்டோமே என்று நாம் உபசாரமாகச் சொன்னதற்கு, “மற்ற நாளில நீங்கள் பள்ளிக்குப் போயிடுவியள், சேர். சனி ஞாயிறில நிண்டு செய்விக்கிறவைக்கு அப்பதானே நாங்கள் வரவேணும்” என்றார். நம்முடைய விடுமுறையே அவருடைய ஏழாவது வேலைநாள்! தம் வீட்டுக் கூரை தகரமென்றும், காற்றுக்குப் பறக்காதிருக்கக் கல் ஏற்றி வைத்திருப்பதாகவும் சொன்னார். அதை எப்போது திருத்துவீர்கள் என்று தாயார் கேட்டார். அவர் சிரித்துவிட்டுச் சலாகையை அளக்கத் தொடங்கினார்.

ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. இலங்கையில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு நீங்கிப் போயா நாளும் அதன் முன்னாளுமே வார விடுமுறையாக இருந்தன. சந்திரனைப் பார்த்து ஓய்வை மாற்றவும் மீண்டும் மாற்றவும் ஓர் அரசால் முடிந்தது. கடை, காரியாலய ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் எல்லா மனிதருக்கும் உரிமை என்று 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. நாட்கூலித் தச்சரின் வீட்டு வாசலை இவற்றுள் எது எட்டியிருக்கிறது? தாயாரின் அடுக்களையைப் பற்றியோ எந்தச் சட்டமும் பேசவே இல்லை. அவர் ஒரு சனிக்கிழமையாவது தமக்கென்று எங்கேனும் நடந்ததாக நமக்கு நினைவில்லை. இதை எழுதும்போதுதான் அதுவும் தோன்றுகிறது.

அப்படியானால் நடையைத் துறந்துவிடுவதா? அதுவும் போலித் துறவே. நாம் வீட்டில் குந்தியிருப்பதால் எவருக்கும் ஓர் ஓய்வு நாள் கிடைத்துவிடாது. ஞாயிறு மாலை, நண்பர்கள் ஓடுகளைக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தபோது விவாதம் மூண்டது. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சென்று தச்சரின் கூரையைத் திருத்திக் கொடுப்போம் என்றான் ஒரு மாணவன். நல்ல மனம். ஆனால் மற்றொருவன் மறுத்தான்: ஒரு கூரைக்கு எட்டுப் பேர் போகலாம், ஊரிலுள்ள தகரக் கூரைகளுக்கெல்லாம் யார் போவது? ஆறு நாள் கூலி ஏழு நாள் சோற்றுக்குப் போதுமானால் அவர் தம் கூரையைத் தாமே திருத்தமாட்டாரா? முதல்வன் விடவில்லை, கூலி உயரும்வரை மழை காத்திருக்குமா என்று கேட்டான். இருவரும் சரியே சொன்னார்கள் என்று நமக்குப் பட்டது; இன்னும் அப்படியே படுகிறது.

இருட்டும் வேளையில் முகட்டு ஓடு பதிந்தது. மாரி ஓய்ந்து தை மாதத்தில் அந்த நடையை மேற்கொள்வதாக முடிவாயிற்று. நீங்களும் வரவேண்டும் என்று தச்சரை அழைத்தோம். அவர் கருவிகளைப் பையில் அடுக்கியவாறே, அது என்ன கிழமை என்று கேட்டார்.