கடன் ஒரு கடைக்கு, காசு இன்னொரு கடைக்கா?

எமது கிராமங்களில் சந்திக்குச் சந்தி இருந்த பலசரக்குக் கடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. கடை திறந்திருக்கிறது, வாடிக்கையாளரைத்தான் காணோம். காரணம் யாது? பட்டணத்துச் சுப்பர் மார்க்கட்டே என்பர் பலர். அது பாதி உண்மை. 1983இல் கொழும்பில் தொடங்கிய கார்கில்ஸ் பூட் சிற்றி, 2009இல் போர் முடிந்தபின் வடபகுதிப் பட்டணங்களிலும் கிளைகளைப் பரப்பியது. பெரிய கடை பொருட்களைப் பெருந்தொகையாக நேரே கொள்வனவு செய்கிறது. சந்திக் கடைக்காரரோ மொத்த வியாபாரியின் இலாபத்தையும் வாகனக் கூலியையும் கொடுத்து ஒரு மூடை சீனி எடுத்து வருகிறார். விலையில் அவர் எவ்வாறு போட்டியிடுவார்?

மற்றப் பாதி எம்மிடம் இருக்கிறது. சம்பளம் வந்ததும் பஸ் ஏறிப் பட்டணத்தில் காசுக்கு வாங்குகிறோம். இருபதாந் திகதிக்குப் பின் கை வறண்டதும் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்துச் சந்திக் கடைக்கு அனுப்புகிறோம். கொடுத்த கடன் திரும்பாவிடில் கடைக்காரர் புதுச் சரக்கு எடுப்பது எங்ஙனம்? தட்டுகள் வெறுமையாகின்றன. அதைக் கண்டு, காசோடு வந்தவரும் திரும்பிப் போகிறார்.

மலிவான இடத்தில் வாங்குவது குற்றமா? இல்லை. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஏழைத் தாயை எவரும் குறைகூற முடியாது. ஆனால், தீர்க்கவேண்டிய கடனைத் தீர்க்காது அதே காசை வேறு கடைக்குக் கொண்டுபோவதைச் சிக்கனம் என்று சொல்லலாமா? அது அநீதி. ஊர்ப்பற்று என்ற பெரிய சொல் இங்கு வேண்டியதில்லை. நீதி என்ற சொல்லே போதும்.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டில் பொருட்கள் அருகி விலைகள் ஏறின. அத்தகைய நாட்களில் இருந்ததைப் பகிர்ந்து விற்றவர் யார், பதுக்கியவர் யார் என்பதை மக்கள் எளிதில் மறப்பதில்லை. வாங்குபவனின் முடையைக் காரணமாக்கி விலையை உயர்த்துதல் தகாது எனப் 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் போதித்தார். விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்குமாறு 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பணிக்கிறது. பட்டணத்துக் கடையில் சிறுவனுக்கும் பெரியவருக்கும் ஒரே விலை. ஆளுக்கொரு விலை சொல்பவர், தம் வாடிக்கையாளரைத் தாமே பஸ் ஏற்றி அனுப்புகிறார்.

2022இல் எரிபொருளின்றி வாகனங்கள் நின்றபோது, நடந்துபோகும் தூரத்தில் இருந்த கடையே பல வீடுகளின் அடுப்பை எரியவைத்தது. அக்கடை மூடப்பட்டால் வசதியுள்ளவருக்கு நட்டமில்லை. அவருக்கு வாகனம் உண்டு, கையில் காசும் உண்டு. மாதக் கடைசியில் அரைக் கொத்து அரிசிக்குக் கொப்பியோடு வரும் பிள்ளை எங்கே போகும்? ஆகவே அன்பர்களே, அடுத்த சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் கொப்பிக் கணக்கைத் தீர்ப்போம். பட்டணத்துக்கு அதன் பின் போகலாம்.