ஊளை யாருக்கு?

2014 மே 10 அன்று கோபன்ஹேகனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில் ரஷ்யாவுக்காக 17 வயது இரட்டைச் சகோதரிகள் பாடினார்கள். அனஸ்தசியா, மரியா தொல்மச்சோவா. முதுகோடு முதுகு ஒட்டி, இருவரின் கூந்தலும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு நின்றார்கள். பாட்டு சுமார்தான், அவர்கள் எழுதியதும் அல்ல. அவர்கள் இறுதிச்சுற்றுக்குத் தேர்வானபோதே அரங்கத்திலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. இறுதி இரவில் ரஷ்யாவுக்குப் புள்ளிகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் அது திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெண்களின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அந்தப் புன்னகையை நமக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்ட பிறகும் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் அதைப் பார்த்திருக்கிறோம்.

ஊளையிட்டவர்களின் கோபத்தில் பொய் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சிறார்களின் காதில் விழும்படி தன்பாலீர்ப்பைப் பற்றி இயல்பாகப் பேசுவதையே 'பிரச்சாரம்' என்று தண்டிக்கும் சட்டத்தை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். யூரோவிஷன் ரசிகர் கூட்டத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் எப்போதும் அதிகம். அந்தச் சட்டம் அவர்கள் உடம்பின் மீது எழுதப்பட்டது. அதே இரவில் தாடியும் நீண்ட கவுனுமாக வந்த ஆஸ்திரியாவின் கொன்சிட்டா வுர்ஸ்ட் வென்றார். கோப்பை சரியான கைக்குத்தான் போனது. ஆனாலும் மாஸ்கோவில் எழுதிய சட்டத்துக்கான கோபத்தை கோபன்ஹேகனில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக இந்தப் போட்டியைப் பார்க்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் அது வேறு பெண்ணின் முகத்தோடு வருகிறது.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 7 நாடுகளோடு தொடங்கியது. பாடகர்களை அனுப்புவது அரசுகள் அல்ல, ஒலிபரப்பு நிறுவனங்கள். அவற்றின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துகிறது. பார்வையாளர்களும் நடுவர்களும் வாக்களிக்கிறார்கள். தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது. இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கி விடியற்காலை 4.30 வாக்கில் முடியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம் கெடும். பளபளப்பும் புகையும் காற்றாடியும் அசட்டுத்தனமும் கலந்த இந்தக் கூத்து எனக்குப் பிடிக்கும். அதற்குப் பெரிய காரணம் எதையும் தேடப்போவதில்லை.

ஆனால் அங்கே பேசும் மொழியைக் கவனியுங்கள். பாடகியின் பெயரை மூன்று நிமிடம்தான் சொல்வார்கள். அதன் பிறகு புள்ளிகள் 'ஸ்வீடனுக்கு', 'இத்தாலிக்கு'. ரசிகர்கள் நாங்களும் 'இந்த வருஷம் உக்ரைன் குரல் பிரமாதம்', 'ஃபிரான்ஸ் உடை சரியில்லை' என்றுதான் பேசிக்கொள்வோம். நாட்டைத் தாய் என்றும் நிலத்தைக் கன்னி என்றும் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. அந்த உருவகம் பெண்கள் தலையில் என்னென்ன சுமையை ஏற்றுகிறது என்று எழுதியும் படித்தும் வந்தவர்கள் நாம். யூரோவிஷனோ அந்த உருவகத்தையே மின்விளக்குப் போட்டு மேடையேற்றுகிறது. ஆண்களும் பாடுகிறார்கள், அவர்களும் கொடிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். ஆனால் மேடையில் அழுத ஆணைப் பார்த்து 'பாவம், சின்னப் பையன்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லிடம்தான் எனக்கு வேலை இருக்கிறது.

2015இல் வியன்னா. ரஷ்யாவுக்காக வந்தவர் போலினா ககாரினா. பாடியது உலக அமைதியைப் பற்றி. புள்ளி எண்ணிக்கையில் சிறிது நேரம் முன்னிலையில்கூட இருந்தார். கடைசியில் இரண்டாம் இடம். ஒளிபரப்பில் ஊளை கேட்காதிருக்கத் தயாரிப்பாளர்கள் இந்த முறை முன்னேற்பாடு செய்திருந்தார்கள். அரங்கிலிருந்த ககாரினாவுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் அழுததைக் கேமரா காட்டியது. போட்டியாளர்கள் காத்திருக்கும் பகுதியில் அன்றைக்குத் தொகுப்பாளராக இருந்தவர், ரஷ்யச் சட்டம் யாரை வெறுத்ததோ அந்தக் கொன்சிட்டாவேதான். அவர் ககாரினாவுக்கு ஆறுதல் சொன்னார். அன்று என் மனம் முழுக்க ககாரினாவின் பக்கம் இருந்தது.

2022 மார்ச் 18. உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து, மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் கிரிமியா இணைப்பைக் கொண்டாடப் புதின் கூட்டிய பேரணியில் ககாரினா மேடையேறிப் பாடினார்.

இதைக் கேட்டதும் 'பார்த்தாயா, ஊளையிட்டவர்கள் சொன்னது சரிதான்' என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் மனிஷாவை என்ன செய்வது? 2021இல் ராட்டர்டாமில் ரஷ்யாவுக்காக 'ரஷ்யப் பெண்' என்ற பாட்டைப் பாடியவர். தஜிகிஸ்தானில் பிறந்து, உள்நாட்டுப் போரால் குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு ரஷ்யாவுக்கு வந்தவர். ஆளைவிடப் பல மடங்கு பெரிய, சக்கரம் வைத்த மரபு உடைக்குள்ளிருந்து கதவைத் திறப்பதுபோலத் திறந்துகொண்டு, சிவப்பு மேலங்கியும் கால்சட்டையுமாக வெளியே வந்தார். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது, உடம்பைக் குறைக்கக் கூடாதா என்று பெண்களைத் துளைக்கும் கேள்விகளைக் கிண்டலடிக்கும் பாட்டு. 'நீ எப்படி ரஷ்யப் பெண்?' என்று சொந்த நாட்டிலேயே அவரைத் திட்டினார்கள். பாட்டின் வரிகளை ஆராய வேண்டும் என்று புலனாய்வுத் துறை வரைக்கும் புகார் போனது. 2022இல் அவர் போரை எதிர்த்துப் பேசினார். கச்சேரிகள் ரத்தாயின.

ஒரே கொடி, இரண்டு பெண்கள். கொடியைப் பார்த்து ஊளையிட்டிருந்தால் இருவருக்கும் ஒரே ஊளைதான் கிடைத்திருக்கும். கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டிருந்தால் இருவருக்கும் ஒரே இரக்கம். 'அவள் ரஷ்யா' என்கிறவரும் 'பாவம், அவளுக்கு என்ன தெரியும்' என்கிறவரும் எதிரெதிராக நிற்பதுபோலத் தெரிகிறது. ஆனால் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் காணாமல் போகிறாள். 28 வயதில், சொந்தத் தொழிலில் உச்சத்தில் இருந்த ககாரினாவைக் குழந்தையாக்கியது நம் இரக்கம். அவருக்குத் தீர்மானிக்கத் தெரியும். தீர்மானித்தும் காட்டினார். 2015இன் இரக்கத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பெண் தான் செய்யாததற்காக அவமானப்பட்டால் இரக்கப்படத்தான் வேண்டும். 2022இல் அவர் செய்தது அவர் கணக்கில்.

'சரி, கொடியைத் தூக்க ஒப்புக்கொண்டதே ஒரு செயல்தானே?' என்று என் தோழி கேட்பாள். நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்ளாமல் இருந்த ஒருத்தியின் கதையும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் உக்ரைனின் தேர்வுப் போட்டியில் மாருவ் என்ற பாடகி வென்றார். தேர்வுக் குழுவில் ஜமலா இருந்தார். ஸ்டாலின் காலத்தில் கிரிமியத் தாத்தார்கள் நாடுகடத்தப்பட்டதைத் தன் கொள்ளுப்பாட்டியின் நினைவாக '1944' என்ற பாட்டாக்கி, 2016இல் யூரோவிஷனை வென்றவர் அவர். அந்த ஜமலா நேரலையில் மாருவிடம் கேட்டார்: கிரிமியா உக்ரைனுடையதா? ஆமாம் என்றார் மாருவ். அது போதவில்லை. ரஷ்யக் கச்சேரிகளை ரத்து செய்யச் சொல்லியும் மேடையில் எப்படி நடக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியும் ஒலிபரப்பு நிறுவனம் ஒப்பந்தம் நீட்டியது. மாருவ் கையெழுத்திடவில்லை. அடுத்தடுத்த இடங்களில் வந்தவர்களும் மறுத்துவிட, உக்ரைன் அந்த ஆண்டு போட்டிக்கே வரவில்லை.

இதில் யார் பக்கம் நிற்பது? கொள்ளுப்பாட்டியின் வலியைச் சுமப்பவள் இன்னொரு பெண்ணிடம் நேருக்கு நேர் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. கேட்கப்பட்டவளுக்கோ தன் பாட்டைப் பாட வேண்டும், அவ்வளவுதான். கிரிமியாவில் ஊரை இழந்தவர்களுக்கு 'அவ்வளவுதான்' என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்றும் யோசிக்கிறேன். என்றாலும் ஒரு விஷயத்தில் மாருவை எனக்குப் பிடிக்கிறது. நாடாக நிற்க மாட்டேன் என்று சொல்ல முடியும் என்பதை அவர் காட்டினார். சொல்ல முடியும் என்றால், சொல்லாமல் போய் நிற்பதும் ஓரளவு பொறுப்புத்தான். எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. 17 வயதுக்கும் 28 வயதுக்கும் ஒரே படி போட்டு அளக்க முடியாது.

இதெல்லாம் எனக்கு எட்ட நின்று யோசிக்கும் விஷயமாக இருந்தது. 2023இலிருந்து அப்படி இல்லை. அந்த ஆண்டு முதல், போட்டியில் இல்லாத நாட்டவர்களும் இணையத்தில் காசு கட்டி வாக்களிக்கலாம் என்று வைத்தார்கள். 'மற்ற உலகம்' என்று எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாட்டின் அளவு கனம். 2024 மால்மோவில் காஸாவுக்காக வீதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உள்ளே இஸ்ரேலுக்காகப் பாடிய 20 வயது ஏடன் கோலானுக்கு ஊளை. 'மற்ற உலகம்' தன் 12 புள்ளிகளை அவருக்குத்தான் கொடுத்தது. என்னையும் சேர்த்துத்தான் அந்த உலகம்.

2025 பாசெலில் யுவால் ரஃபேல் பாடினார். 2023 அக்டோபர் 7 தாக்குதலில், சாலையோரக் காப்பறையில் பிணங்களுக்கு அடியில் மணிக்கணக்காகக் கிடந்து உயிர் பிழைத்தவர். அந்தப் பெண்ணின் உடம்பு பார்த்ததை யாரும் மறுக்க முடியாது. அவர் பாடிக்கொண்டிருந்தபோது காஸாவுக்குள் உணவு போகவிடாமல் தடுத்து வைக்கப்பட்டிருந்ததையும் யாரும் மறுக்க முடியாது. அவருக்கு வாக்குக் கேட்டு இஸ்ரேல் அரசின் விளம்பரத் துறையே இணையத்தில் விளம்பரம் செய்தது பின்னால் தெரியவந்தது. அவர் காயம் உண்மை. அதை எடுத்துச் சுவரொட்டியாக்கியது அரசு. பொதுமக்கள் வாக்கில் முதலிடம், மொத்தத்தில் இரண்டாமிடம். அந்த மூன்று நிமிடமும் நான் ஒலியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை வெறுக்கவும் முடியவில்லை, வாக்களிக்கவும் முடியவில்லை.

ஜமலாவுக்கு அழுதவள் இவருக்கு ஏன் அழவில்லை என்று கேட்டால், பதில் அந்தப் பெண்களிடம் இல்லை என்றே சொல்வேன். ஒருவர் துயரத்தை மேடையேற்றிய நாடு அப்போது தன் நிலத்தை இழந்துகொண்டிருந்தது. மற்றவரின் துயரத்தை மேடையேற்றிய நாடு அதே நேரத்தில் குண்டு வீசிக்கொண்டிருந்தது. வேறுபாடு நாடுகளுக்கு இடையில். அதைப் பாடகிகளுக்கு இடையிலான வேறுபாடாக மாற்றிக் காட்டுவதுதான் இந்த மேடையின் வேலை. அதற்கு விலாசம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா பங்கேற்கலாம் என்று சொல்லி, மறுநாளே முடியாது என்று மாற்றியது ஒலிபரப்பு ஒன்றியம். ஆக, முடிவெடுக்க ஒரு நாள் போதும் என்று அதற்கே தெரியும். இஸ்ரேல் விஷயத்தில் அது அரசியல் கலவாத போட்டி என்றே சொல்லிவந்தது. கேள்வி அங்கே போக வேண்டும். பாசெல் இறுதிச்சுற்று தொடங்கும் முன் ஸ்பெயினின் அரசு ஒலிபரப்பு நிறுவனம் பாலஸ்தீனத்துக்கு நீதி கோரித் திரையில் எழுத்தைக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய 5 நாடுகள் 2026 போட்டிக்கு வரப்போவதில்லை என்றன. 2024இல் வென்ற சுவிஸ் கலைஞர் நெமோ, ஆணுமல்ல பெண்ணுமல்ல என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர், தன் கோப்பையை ஒன்றியத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். இதில் எந்தப் பாடகியின் முகத்தைப் பார்த்தும் யாரும் ஊளையிடவில்லை.

அரங்கத்தில் நிற்பவளுக்குக் கடிதம் எழுத நேரமில்லை, ஊளைதான் கையிலிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். உறவினர்களைக் காஸாவில் இழந்தவள் அந்த வரிசையில் நின்றிருந்தால் நான் அவள் வாயைப் பொத்தப் போவதில்லை. இழப்பு எதுவுமில்லாமல் சென்னையில் மெத்தையில் சாய்ந்து பார்க்கும் எனக்கு அந்த அவசரம் கிடையாது. வாக்களிக்கும் பக்கத்தில் வரிசையாகக் கொடிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தொடுவதற்கு முன், அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் பாடியவரின் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். சில பெயர்கள் இன்னும் வாயில் சரியாக வருவதில்லை.