கூலி கொடுத்த பிறகு யார் காசு?

ஞாயிற்றுக்கிழமை கேரளத்து இடுக்கி மலையிலுள்ள பூப்பாறையில் செல்போன் கடை வாசலில் கூட்டம் நிற்கும். ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள். காய் எடுத்துக் கறையேறிய விரல்களால் கூலியை இரண்டு தரம் எண்ணி நீட்டுவார்கள். கடைக்காரர் கமிஷனைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவைப்பார். மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூர் டீக்கடையில் பேச்சு இப்படிப் போகும்: "நம்ம காசெல்லாம் வடக்கே போகுது."

'நம்ம காசு' என்பதில்தான் சிக்கல். வேலை வாங்கிக் கூலி கொடுத்தபின் அந்தக் காசில் ஊருக்கு என்ன பாத்தியதை? அவர்கள் பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து, போடி ஏல மையத்தில் விலைபோய், தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் லாபமாக இங்கேயே தங்கிவிட்டது. வடக்கே போனது உழைத்தவன் பங்கு மட்டும்.

மற்ற ஊர்களைவிடப் போடிக்கு இந்தப் பேச்சு இன்னும் பொருந்தாது. விடியுமுன் கூலியாட்களை அடைத்துக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்புகள் கேரளத்துக்குத்தான் போகின்றன. சாயங்காலம் அவை கொண்டுவந்து இறக்கும் கூலியில் மளிகைப் பாக்கியும் சீட்டுப் பணமும் அடைபடுகின்றன. அதைக் கேரளத்துக் காசைச் சுரண்டியதாகப் போடியில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும். வளைகுடாப் பணத்துக்கோ மரியாதையே தனி. 2022-ல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியதைப் பெருமையாகத்தான் பேசினோம். 2025-ல் அமெரிக்கா அப்படிப்பட்ட பணத்துக்கு 5 சதவீத வரி என்று ஆரம்பித்தபோது இங்கே கோபம் வந்தது. (கடைசியில் ரொக்கமாக அனுப்பினால் 1 சதவீதம் என்று நின்றது.) நியாயமான கோபம். அது பூப்பாறை வரை ஏன் ஏறவில்லை?

உள்ளூர்க் கூலியாட்களின் மனக்குறையைத் தள்ளிவிட முடியாது. வெளியாள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால், ஜீப்பில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அன்றைய உலை கொதிக்காது. ஆனால் கூலியைக் குறைத்தவர் கொடுத்தவர், வாங்கியவன் அல்ல. சண்டை போகவேண்டிய இடம் தோட்டக் கணக்கு மேஜை.

காசு இங்கேயே புழங்கவேண்டுமென்றால் வடக்கிலிருந்து வந்தவன் குடும்பமும் இங்கே இருக்கவேண்டும். வீடு, ரேஷன், பிள்ளைக்குப் பள்ளி எல்லாம் தர ஊர் தயாரா? லயத்து ஒற்றை அறையில் ஐந்தாறு பேரைப் படுக்கவைத்துவிட்டு, சம்பாத்தியத்தையும் இங்கேயே செலவழி என்பது அடாவடி.

வெளியூரில் கூலியாளாக இருப்பது என்னவென்று போடிக்குத் தெரியாததல்ல. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலியாட்கள் உயிருக்கு அஞ்சி மலையிறங்கினார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீடுகளுக்கு வராமல் நின்றுபோனது கேரளத்துக் காசு.